கணக்கில் வராத முதல் நிமிடம்

"பேசாதடா, எண்ணிட்டிருக்கேன்."

"நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்க்கா."

"வாயை மூடு. மறுபடி முதல்லேர்ந்து எண்ண வைக்காதே."

சாப்பாட்டு மேசையருகே தம்பியை உட்கார வைத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. மூன்று விரல் நாடியின் மேல், கண் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் மேல். தம்பியின் நெற்றியில் வியர்வை மணி மணியாக நின்றது. காலை எட்டு மணிதான், வெயில்கூட இன்னும் ஏறவில்லை. குடிநீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவன், வழியில் மூன்று இடத்தில் அதை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். கதவருகே நின்று அதைப் பார்த்த அவன் மனைவிதான் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டாள்.

தம்பி லிப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி இல்லை. அவனும் கூடவே சிரிப்பான், "வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது பாருங்க" என்பான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அக்காவுக்கு மட்டும் அவன் நெட்டையன். அம்மா போனபோது அவனுக்குப் பதிமூன்று வயது. அதற்குப் பிறகு சோறு போட்டதும், படிக்க வைத்ததும், பெண் பார்த்ததும் எல்லாம் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தபோது, யோசிக்கிற ஆசை போய்விட்டிருந்தது.

நொடிமுள் ஒரு சுற்று வந்தது. நூற்று முப்பத்தொன்று. எண்ணிக்கையைவிட அது வந்த விதம்தான் விரலுக்குப் பிடிக்கவில்லை. ஓடி ஓடி வந்தது. நடுநடுவே இரண்டு துடிப்பு ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு விழுந்தன. அப்புறம் ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் வராமலே போயிற்று. பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் பிடித்து வைத்திருந்த குறிப்புத்தாளில் அக்கா 131 என்று எழுதினாள். எழுதிய கையோடு அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள்.

யோசித்துப் போட்ட கோடு இல்லை அது. கை தானாகப் போட்டது.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். மனித ரத்தத்தில் எடுத்த செல்களைப் பல வாரம் பக்குவப்படுத்தி, இதயத் தசைச் செல்களாக அங்கே வளர்ப்பார்கள். ஒரு நாணயம் அகலமே இருக்கும் தட்டில், உடம்பு என்று ஒன்று இல்லாமலே, அவை சேர்ந்து துடிக்கும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி எழுதுவது அக்காவின் வேலை. கணினியும் எண்ணும், ஆனால் அது சொல்வதை அக்காவின் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் நம்புவார். வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்துக் கேமராவுக்குக் கீழே வைக்கும்போது தட்டு குலுங்கும், குளிரும், செல்கள் தாறுமாறாகத் துடிக்கலாம். அதனால் முதல் நிமிடம் கணக்கில் வராது. எழுத வேண்டும், ஒற்றைக் கோடு போட வேண்டும், இரண்டாம் நிமிடத்திலிருந்துதான் சேர்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே எண் படிக்கும்படி இருக்க வேண்டும், அழிக்கவே கூடாது. ஒரு நாளைக்கு முப்பது தட்டு என்று நான்கு வருடம் எண்ணிய கைக்கு வீடு என்ன, ஆராய்ச்சிக்கூடம் என்ன.

"அஞ்சு நிமிஷம் அசையாம உக்காரு."

"ஆடாம அசையாம உக்கார நான் என்ன உன் தட்டுல இருக்கிற பிள்ளையா?"

"அதுங்க உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்கும்."

உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் கழித்து எண்ணினாள். எண்பத்தெட்டு. ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகளைப் போல வந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 88 என்று எழுதினாள், கோடு போடவில்லை.

தம்பி மனைவி எதிரே உட்கார்ந்து, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். கற்றுக்கொள்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நாளெல்லாம் மிதித்து மிதித்துப் பழகியதில், பயம் வந்தால் எங்கே இருந்தாலும் அந்தக் கால் அப்படித்தான் அழுத்தும்.

"என்ன அண்ணி?"

"எண்பத்தெட்டு. ஒழுங்கா இருக்கு. படியேறி வந்த வேகம், அவ்வளவுதான்."

"இன்னிக்கு லீவு போடச் சொல்லுங்களேன். நான் சொன்னா கேக்கறதில்ல. நீங்க சொன்னா கேப்பார்."

மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்துபோயிருந்தது. தம்பி மனைவிதான் அதிகமாகப் பட்டாள், பத்து நாள் படுத்த படுக்கை. தம்பிக்கு மூன்றே நாள் காய்ச்சல். நாலாம் நாள் குளித்துவிட்டு வந்து, "கிருமியே என் உயரத்தைப் பார்த்துப் பயந்துடுச்சு" என்று பீற்றிக்கொண்டவன் அவன். அந்தக் காய்ச்சல் இதயத் தசையைத் தொட்டால் என்ன ஆகும் என்று இந்த வீட்டிலேயே அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். படத்தில் பார்த்திருக்கிறாள். நல்ல செல்லுக்குள் தசை இழைகள் கோடு போட்ட நோட்டுப் போல வரிவரியாக இருக்கும். கிருமி புகுந்த செல்லில் அதே இழைகள் கத்தரியால் வெட்டியது போல துண்டு துண்டாகக் கிடக்கும். அந்தப் படத்தை முதல் முறை பார்த்த அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. மேடம் தோளைத் தட்டி, "தட்டு வேற, மனுஷன் வேற. தட்டுல நடக்கிறதெல்லாம் உடம்புல நடக்கணும்னு இல்ல" என்றார். அது உண்மைதான். அந்த உண்மையை இன்று காலை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கூடவே அந்த எண்பத்தெட்டையும். பயந்தவள் கையில் நல்ல எண் ஒன்று கிடைத்தால் விடுவாளா?

"போகட்டும்," என்றாள். "சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"நீங்க சொன்னா சரி அண்ணி."

தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டினான். வாசலில் திரும்பி, "பாஸா பெயிலா?" என்று கேட்டான்.

"பாஸ். போய்த் தொலை. மெதுவா இறங்கு."

படியில் அவன் காலடி கீழே போய்த் தேய்ந்து மறையும் வரை அக்கா கதவைச் சாத்தவில்லை. ஏன் நின்றோம் என்று அவளுக்கே புரியவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி செலுத்திய தட்டுகள் பூட்டிய உள்ளறையில் இருக்கும். முழு உடை போட்ட இருவர் மட்டும் உள்ளே போய்த் தட்டை மாற்றி மாற்றி வைப்பார்கள். படம் வெளியே திரையில் வரும். அக்கா வெளியே உட்கார்ந்து, கையில் எண்ணுவதற்கான ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு, துடிப்புக்கு ஓர் அழுத்து அழுத்துவாள். டிக், டிக், டிக். பத்தரை மணிக்குள் ஆறு தட்டு முடிந்தது.

ஏழாவது தட்டு கிருமி போட்டு மூன்றாம் நாள் ஆனது. திரையில் வந்ததும் இழுத்து இழுத்துத் துடித்தது. இரண்டு சேர்ந்து விழுந்தன, ஒன்று வரவில்லை. அக்காவின் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. இந்த நடையை இன்று காலையில்தானே தொட்டாள்? முதல் நிமிடம் முடிந்தது, எழுதினாள், கோடு போட்டாள். இரண்டாம் நிமிடம் அழகாக வந்தது. நாற்பத்தாறு, பிசிறே இல்லை. மூன்றாம் நிமிடத்தில் இருபதாவது துடிப்புக்குப் பிறகு கட்டைவிரல் காத்திருந்தது. காத்துக்கொண்டே இருந்தது. திரையில் ஒன்றும் அசையவில்லை.

தட்டு நிற்பது அங்கே புதிதில்லை. ஆனாலும் அக்கா நோட்டைப் பின்னால் புரட்டினாள். நின்றுபோன தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். போன வாரம் மூன்று, அதற்கு முந்தின வாரம் இரண்டு. கணக்கில் சேர்த்த எண்களைப் பார்க்கவில்லை, கோட்டுக்குக் கீழே கிடந்தவற்றைப் பார்த்தாள். ஐந்திலும் முதல் நிமிடம் கெட்டிருந்தது, இரண்டாம் நிமிடம் நன்றாக இருந்தது. குலுங்கியதால் என்று தன் கையாலேயே அவள் கோடு போட்டிருந்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்கு ஓடினாள். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நின்னுபோன ஆறு தட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. கெட்ட முதல் நிமிஷம் வந்தும் நல்லா இருக்கிற தட்டும் இருக்குமே?" அங்கே எல்லோருக்கும், மேடத்துக்கும்கூட, அவள் அக்காதான்.

"இருக்கும் மேடம்."

"அப்புறம் ஏன் இப்படி ஓடி வந்தீங்க?"

அக்கா நோட்டை அங்கேயே வைத்தாள். நடைவழிக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை எடுத்தான்.

"என்னக்கா, உன் பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?"

"எங்கடா இருக்கே?"

"மேல. மோட்டார் ரூம்ல. பதினாலு மாடிக்கும் மேல."

"ஏறியா போனே?"

"லிப்ட் ஓடினா… என்னை எதுக்குக்கா கூப்பிடறாங்க?"

இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினான்.

"நெஞ்சு வலிக்குதா?"

"வலின்னு சொல்ல முடியாது. காலையில தூக்கின தண்ணி கேனை இன்னும் இறக்கி வைக்கலையோன்னு… தோணுது."

"அப்படியே உக்காரு. ஒரு படிகூட இறங்காதே. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"நீதானேக்கா காலையில பாஸுன்னே?"

"தப்பா சொல்லிட்டேன்டா."

அவன் சிரித்தான். பாதியில் இருமலாகிவிட்ட சிரிப்பு.

"தப்புன்னு நீ ஒத்துக்கிட்டு நான் கேட்டதே இல்ல. அப்ப நிஜமாவே ஏதோ இருக்கு போல."

"நெட்டையா, விளையாடாதே. உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். பதினாலு மாடி ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு யார் ஏறுவா? ஒரு வயர்தான் பாக்கி. பத்து நிமிஷத்துல லிப்ட் ஓடிடும், அதுலயே இறங்கி வந்துடறேன். நீ பயப்படாதே."

போனை வைத்துவிட்டான்.

அக்கா கட்டடத்தின் முகவரியைச் சொல்லி ஆம்புலன்ஸை வரச் சொல்லிவிட்டு, தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். அவள் பயிற்சிக்கு வந்தவனை நடுத்தெருவில் இறக்கிவிட்டு, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றாள். பாதி வழியில் அக்காவின் போன் அடித்தது. தம்பியின் எண்தான். எடுத்ததும், "நெட்டையா" என்றாள்.

பேசியது தம்பியோடு வேலை செய்கிறவன். "அக்கா, லிப்டை ஓட வச்சுட்டார்க்கா. சுவிட்சைப் போட்டுட்டு 'ஓடுது பாரு'ன்னு சொன்னார். அப்படியே சாஞ்சுட்டார். அதே லிப்ட்லதான் கீழ கொண்டு வந்தோம். ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க." அவன் சொன்ன விதத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவள் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவர்களை ஓரமாக அழைத்துப் போனார். அவர் பேச வாயெடுப்பதற்குள் தம்பி மனைவி பேசினாள்.

"காலையில நல்லா இருந்தார் டாக்டர். அண்ணி எண்ணிப் பார்த்தாங்க. எண்பத்தெட்டுதான் இருந்துச்சு. இல்லையா அண்ணி?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். வாயைத் திறந்திருந்தால் வேறோர் எண் வெளியே வந்திருக்கும்.

"சமீபத்துல காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

"மூணு வாரம் முன்னாடி. கொரோனா," என்றாள் அக்கா.

"இதயத் தசை வீங்கியிருக்கு. கிருமியால இருக்கலாம். எல்லாப் பரிசோதனையும் வந்தப்புறம்தான் உறுதியா சொல்ல முடியும். எங்களால முடிஞ்சதைப் பார்த்தோம். மன்னிச்சுக்கோங்க."

திரைக்குப் பின்னால் அவன் படுத்திருந்தான். கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது, எந்தக் கட்டிலும் அவனுக்குப் போதியதில்லை. விரல் நுனியில் எண்ணெய்க் கறை. அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது. முழுதாக ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு நகர்ந்து போனாள்.

மறுநாள் பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். கூட வேலை செய்தவன் கருவிப் பையைக் கொண்டுவந்து வாசலருகே வைத்துவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனான். வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அக்கா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து நூறு தடவை வாய்வரை வந்தது. யாராவது கூட இருந்தார்கள், அதனால் சொல்லவில்லை. இப்போது யாருமில்லை, இப்போதும் சொல்ல முடியவில்லை. இருக்கிற ஒரே உறவும் இந்தச் சொல்லோடு போய்விடும் என்று பயமாக இருந்தது.

தம்பி மனைவி தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறக்கப் போனாள். கை கைப்பிடியிலேயே நின்றது.

"அண்ணி."

"ம்."

"இங்க ரெண்டு நம்பர் இருக்கு."

அக்கா நிமிரவில்லை.

"நூத்தி முப்பத்தொண்ணுன்னு எழுதி, கோடு போட்டிருக்கு. இது யாரோடது?"

"அவனோடதுதான். முதல் நிமிஷம்."

"ஏன் கோடு போட்டீங்க?"

"தட்டை எடுத்து வைக்கும்போது குலுங்கும்…" என்று தொடங்கிய அக்கா நிறுத்திக்கொண்டாள். "பழக்கம்," என்றாள். "கை பழக்கம். அதைச் சேர்த்திருந்தா நான் அவனை விட்டிருக்க மாட்டேன்."

பிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, முடியாமல், திரும்பத் திரும்பக் கிளப்பினார்கள். அடி விழட்டும் என்று அக்கா காத்திருந்தாள். கத்தட்டும், திட்டட்டும், வீட்டை விட்டுப் போ என்று சொல்லட்டும். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

தம்பி மனைவி காந்தத்தை நகர்த்தித் தாளை எடுத்தாள். கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அவன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எனக்குப் பாருங்க."

"என்னம்மா?"

"உங்க ரெண்டு பேரையும்விட எனக்குத்தானே அதிகமா வந்துச்சு. பத்து நாளா நானும் ரெண்டாவது மாடியில நின்னு நின்னுதான் ஏறி வர்றேன். அவர் பயந்துடுவார்னு சொல்லலை."

அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மேசைக்கு அடியில் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, இல்லாத பிரேக்கைத் தேடி. நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டியது. எண்ணத் தொடங்கினாள். முப்பதைத் தாண்டும்போது ஒன்று வரவில்லை. எழுபதுக்கு அருகே இரண்டு சேர்ந்து விழுந்தன. அழுது ஓய்ந்த உடம்பு. இரண்டு நாள் தூக்கமில்லை, சோறில்லை. இப்படித்தான் அடிக்கும், யாருக்கும் அடிக்கும். கோடு போடுவதற்குக் காரணம் எத்தனையோ இருந்தன.

முள் ஒரு சுற்று முடித்தது. அக்கா பேனாவை எடுத்து, எண்பத்தெட்டுக்குக் கீழே 117 என்று எழுதினாள். பேனா முனை எண்ணின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

"எவ்வளவு அண்ணி?"

"செருப்பைப் போட்டுக்கோ."

"கொஞ்சம் உக்கார்ந்துட்டு இன்னொரு தடவை பார்க்கலாமே?"

"வேண்டாம்."

"சாயங்காலமா போகலாமா?"

"இப்பவே."

வழியில் இருந்த கருவிப் பையைச் சுற்றிப் போய் வாசலைத் தாண்டினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, மூச்சு வாங்கி, மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. மூன்று மாடி இறங்கி முடியும் வரை அந்த மணிக்கட்டை அக்கா விடவில்லை.